அண்ணாச்சி கடைக்கே இந்த நிலைமையா? தூத்துக்குடியில் சின்னக் கடைகள் ஏன் மூடப்படுகின்றன... முழு விளக்கம்!

சென்னையில் தெருமுனை மளிகைக்கடைக்கு ஒரு பொதுப்பெயர் உண்டு. போர்டில் என்ன பேர் எழுதியிருந்தாலும் சரி, வாயில் வருவது 'அண்ணாச்சி கடை'தான். காரணம் எல்லாருக்கும் தெரிந்ததே. அந்தக் கடைகளை நடத்தியவர்களில் பெரும்பாலானோர் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தவர்கள். தமிழ்நாட்டுக்கே கடைக்காரர்களை அனுப்பிய மண் அது.

இப்போது அந்த மண்ணிலேயே தெருவுக்கு ஒரு ஷட்டரில் 'கடை வாடகைக்கு' என்று எழுதியிருக்கிறது. ஒரு பக்கம் ஏ.சி. போட்ட ஷோரூம், பல மாடி ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட். இன்னொரு பக்கம் முப்பது நாற்பது வருஷமா இருந்த கடை காணாமல் போகிறது. 'காலம் மாறுது, அவ்வளவுதானே' என்று கடந்துபோகலாம். ஆனா அந்தக் கடையோடு சேர்ந்து வேறு ஒன்றும் மூடப்படுகிறது. அது என்ன என்று பார்ப்பதற்கு முன்னாடி, கணக்கிலிருந்து தொடங்கலாம்.

எத்தனை கடைகள் மூடப்பட்டிருக்கின்றன?

அடிக்கடி கண்ணில் படும் எண், 2 லட்சம். அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர்கள் கூட்டமைப்பு 2024 அக்டோபரில் வெளியிட்ட மதிப்பீடு இது. அதற்கு முந்தைய ஓராண்டில் நாடு முழுவதும் சுமார் 2 லட்சம் மளிகைக்கடைகள் மூடப்பட்டதாக அந்த அமைப்பு சொன்னது. அதில் 45 சதவீதம் பெருநகரங்களில், 30 சதவீதம் அடுத்த நிலை நகரங்களில், மீதி 25 சதவீதம் தூத்துக்குடி போன்ற சிறிய நகரங்களில்.

இந்த எண்ணைக் கொஞ்சம் கவனமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இது அரசுக் கணக்கெடுப்பு கிடையாது. ஆன்லைன் டெலிவரி நிறுவனங்களுக்கு எதிராகப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்த அமைப்பே சொன்ன கணக்கு. வழக்கில் ஒரு தரப்பு சொல்லும் கணக்கை அப்படித்தான் பார்க்கணும். ஆனா அவர்கள் சொல்லும் காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதைப் புரிந்துகொள்ள ஒரு கடையின் கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்தால் போதும்.

ஒரு கடையின் கணக்கு

இது ஒரு கற்பனைக் கணக்கு. உங்கள் தெருக்கடைக்காரரிடம் கேட்டு எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள், கணக்கின் போக்கு மாறாது.

ஒரு நாளைக்கு 7,000 ரூபாய்க்கு வியாபாரம் நடக்கும் கடை என்று வைத்துக்கொள்வோம். பிஸ்கட்டில் கொஞ்சம், பருப்பில் கொஞ்சம், சோப்பில் கொஞ்சம் என்று எல்லாம் சேர்த்து சராசரியாக 12 சதவீதம் நிற்கிறது. அப்படின்னா ஒரு நாளைக்கு 840 ரூபாய், மாசத்துக்கு 25,200. இதில் வாடகை 6,000. கரன்ட் பில் 1,800. எலி கடித்தது, எக்ஸ்பயரி ஆனது, சரக்கு ஏற்றிவந்த ஆட்டோ, கவர் எல்லாமாக 2,000. கைக்கு வருவது 15,400 ரூபாய்.

இதில் சம்பளம் யாருக்கும் போடவில்லை என்பதைக் கவனித்தீர்களா? காலையில் 6 மணிக்குப் பால் பாக்கெட் இறக்குவதிலிருந்து ராத்திரி 10 மணிக்கு ஷட்டர் போடுவது வரை கணவன், மனைவி இருவரும் மாறி மாறி நிற்கிறார்கள்.

இப்போது பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் வருகிறது. மாசச் சாமான் வாங்குபவர்கள் அங்கே போய்விடுகிறார்கள். இவருடைய தினசரி வியாபாரம் 5,000 ஆகிறது. 12 சதவீதம் என்றால் நாளைக்கு 600, மாசம் 18,000. வாடகை குறையாது, கரன்ட் பில் குறையாது. ஃப்ரிட்ஜ் காலியாக இருந்தாலும் ஓடத்தானே செய்யும்? அதே 9,800 ரூபாய் செலவு போக மிச்சம் 8,200.

வியாபாரம் குறைந்தது 29 சதவீதம்தான். கைக்கு வரும் பணம் குறைந்தது 47 சதவீதம். சின்னக் கடை சாவது இப்படித்தான். கூட்டம் முழுக்கப் போக வேண்டியதில்லை. பத்தில் மூன்று பேர் வேறு பக்கம் திரும்பினாலே போதும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. திரும்பிப் போனவர்கள் யார்? கையில் காசு வைத்து வாங்குபவர்கள். மிச்சமிருப்பவர்களில் பாதிப் பேர் கடனுக்கு வாங்குபவர்கள். கடையின் 40,000 ரூபாய் கணக்கு நோட்டில் முடங்கிக் கிடக்கிறது என்றால், அதை ஈடுகட்ட இரண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால், அதற்கு மாசம் 800 ரூபாய். 8,200 என்பது 7,400 ஆகிறது.

பெரிய கடையில் மட்டும் எப்படி விலை குறைகிறது?

பேராசை, ஏமாற்று என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனா விஷயம் அது இல்லை. கம்பெனியிலிருந்து கிளம்பும் சோப்பு, கிடங்கு, ஏஜென்சி, லைனில் வரும் சேல்ஸ்மேன் என்று கைமாறித்தான் தெருக்கடைக்கு வருகிறது. ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். பெரிய நிறுவனங்கள் கம்பெனியிடமே லாரிக் கணக்கில் நேரடியாக வாங்குகின்றன. தெருக்கடைக்காரர் ஏஜென்சியில் வாங்கும் விலையைவிடக் குறைவாக, வாடிக்கையாளருக்கே ஆன்லைனில் கிடைக்கும் நாட்களும் உண்டு. 'நான் வாங்குற விலையே அதைவிடக் கூட இருக்கு, நான் எப்படிக் குறைச்சுக் கொடுக்க?' என்று கடைக்காரர் கேட்பது நியாயமான கேள்வி. 2022 தொடக்கத்தில் மகாராஷ்டிராவில் விநியோகஸ்தர்கள் கோல்கேட் நிறுவனத்தின் சில பொருட்களை எடுக்க மறுத்ததும் இந்த விலை வித்தியாசத்துக்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? பல பிராண்டு பொருட்களை விற்கும் கடைகளில் 51 சதவீதம் வரை வெளிநாட்டு முதலீட்டை மத்திய அரசு 2012 செப்டம்பரில் அனுமதித்தது. ஆனால் மாநில அரசு சம்மதித்தால்தான் கடை திறக்க முடியும். அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தமிழ்நாட்டில் அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். எனவே முன்வாசல் வழியாக வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட் வரவில்லை.

ஆன்லைனுக்கு விதி வேறு. விற்பவரையும் வாங்குபவரையும் இணைக்கும் 'சந்தை' மட்டும் நடத்தினால் 100 சதவீதம் வெளிநாட்டுப் பணம் வரலாம். சொந்தமாகச் சரக்கு வைத்து விற்கக் கூடாது. 2019 பிப்ரவரி 1 முதல் இந்த விதி இன்னும் இறுக்கப்பட்டது. ஆனா சரக்கு யாருடையது, கிடங்கு யாருடையது, தள்ளுபடிப் பணம் யார் பையிலிருந்து போகிறது என்பதில்தான் சண்டையே. 10 நிமிஷ டெலிவரிக்காகத் தெருவுக்குள் வைக்கப்படும் சிறு கிடங்குகள் விஷயத்தில் விநியோகஸ்தர்கள் எழுப்பும் கேள்வியும் இதேதான். பெருநகரங்களில் தொடங்கிய அந்த வியாபாரம் இப்போது சின்ன நகரங்களை நோக்கி நகர்கிறது.

எல்லாப் பெரிய கடையும் வெளியூர்க்காரர் கடை இல்லை என்பதையும் சொல்லணும். தூத்துக்குடியிலேயே சின்னதாகத் தொடங்கி, பல மாடிக் கடையாக வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னை தி.நகரின் பெரிய கடைகளுக்குப் பின்னால் திருச்செந்தூர் வட்டாரக் குடும்பங்கள் இருப்பதும் ஊரறிந்த விஷயம். அண்ணாச்சியைத் தோற்கடிப்பது பல இடங்களில் இன்னொரு அண்ணாச்சிதான்.

இலவசக் குடை கொடுத்த கப்பல் கம்பெனி

'முதலில் நஷ்டத்துக்கு விற்று, போட்டியாளர் போனதும் விலையேற்றுவது' புது டெக்னிக் என்று நினைக்கிறோம். தூத்துக்குடிக்கு அது 100 வருஷத்துக்கு முன்பே பழக்கம்.

வ.உ.சிதம்பரனார் 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை தனிக்காட்டு ராஜாவாக ஓடியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1907-ல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களும் தூத்துக்குடிக்கு வந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. அடுத்து அவர்கள் செய்ததுதான் ஹைலைட். கட்டணமே வேண்டாம், ஏறி வாங்க, கூடவே ஒரு குடையும் இலவசம்!

வ.உ.சி. 1908 மார்ச்சில் கைது செய்யப்பட்டார். கம்பெனி தள்ளாடி, 1911-ல் கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனி கைக்கே போனது. விலைப்போர் மட்டும் அந்தக் கம்பெனியை மூழ்கடிக்கவில்லை. அரசின் நெருக்கடியும் சிறைவாசமும் பெரிய காரணங்கள். ஆனாலும் ஆப்பில் 'டெலிவரி கட்டணம் இல்லை' என்ற வரியைப் பார்க்கும்போது தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தக் குடை ஞாபகம் வந்தால் தப்பில்லை.

துறைமுகம் நகர்ந்தால் கடைவீதியும் நகரும்

இந்தக் கடற்கரையில் சந்தை எப்போதும் ஒரே இடத்தில் நின்றதில்லை. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு முத்து என்றால் கொற்கை. பாண்டியர்களின் துறைமுகமாக இருந்த அந்த ஊர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கிராமம். தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் துறையை மூட, வியாபாரம் காயலுக்குப் போனது. அதற்கும் பிறகுதான் தூத்துக்குடி. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறியபோதெல்லாம் முத்தும் சங்கும் துணியும்தான் சரக்கு.

சென்னையிலிருந்து ரயிலில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்து கப்பலேறிக் கொழும்பு போவது ஒரு காலத்தில் வழக்கமான பயணம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்து, போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பியது. அந்தப் பயணிகளை நம்பியிருந்த விடுதிகளும் கடைகளும் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. 1974 ஜூலை 11-ல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. நகரத்தை ஒட்டிய பழைய துறைமுகத்தில் நடந்த வேலை பெரும்பகுதி தெற்கே நகர்ந்தது. பிறகு கன்டெய்னர் வந்தது. மூட்டை சுமந்த ஆட்கள் சாப்பிட்ட டீக்கடையும் சாப்பாட்டுக்கடையும், கயிறும் தார்ப்பாயும் விற்ற கடையும் இருந்த இடத்தில் இப்போது லாரி நிற்கிறது. மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றும் தோணிகள் மட்டும் பழைய துறைமுகத்தின் அந்தக் காலத்தை ஞாபகப்படுத்துகின்றன.

இப்போது மறுபடியும் நகர்வு. சிலாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சார கார் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4-ல் திறந்துவிட்டார்கள். மினி டைடல் பூங்கா 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது. விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26-ல். குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது. மாசச் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் ஊரிலேயே தங்கினால் அவர்களைத் தேடி பிராண்டட் கடைகள் வரத்தானே செய்யும்? வ.உ.சி. ரோடு, பாளையங்கோட்டை ரோடு பக்கமெல்லாம் நில உரிமையாளருக்கு இப்போது இரண்டு வழி. பத்துச் சின்னக் கடைக்கு வாடகைக்கு விட்டு மாசா மாசம் அலைவது, அல்லது இடித்துக் கட்டி ஒரே ஷோரூமுக்கு மொத்தமாக விடுவது. யாராக இருந்தாலும் இரண்டாவதைத்தான் யோசிப்பார்கள்.

கடையோடு சேர்ந்து மூடப்படுவது எது?

ஆரம்பத்தில் கேட்ட கேள்வி இது. பதில், கணக்கு நோட்டு.

'அண்ணாச்சி, எழுதிக்கிடுங்க, சனிக்கிழமை தாரேன்.' இந்த ஒரு வரியில்தான் தூத்துக்குடியின் பாதிக் குடும்பங்களின் அடுப்பு எரிகிறது என்று சொன்னால் ரொம்ப மிகை இல்லை. ஏன்னா இந்த ஊரின் பெரிய தொழில்கள் பலவற்றில் வருஷம் பூரா வருமானம் கிடையாது.

மீன்பிடித் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடை, தேவையானதும்கூட. அரசு தடைக்கால நிவாரணம் கொடுக்கிறது. ஒரு குடும்பத்துக்கு இப்போது 8,000 ரூபாய். இரண்டு மாசத்துக்கு அது எப்படிப் போதும்? அதுவும் தடைக்காலம் முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடம் வேறு திறந்துவிடும்.

உப்பளத்துக்கு இதற்கு நேர்மாறான காலண்டர். வெயில் காலம்தான் அவர்களுக்குச் சீசன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும், வேலை இருக்காது. அவர்களுக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். திரேஸ்புரம் பக்கம் சங்கு குளிப்பவர்களுக்கோ காற்றும் நீரோட்டமும் சரியாக இருந்தால்தான் அன்றைக்குக் காசு.

இந்தக் குடும்பங்களுக்கெல்லாம் காசு இல்லாத மாசத்தில் அரிசி ரேஷனில் கிடைத்துவிடும். பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், பால் பவுடர், சோப்பு? அதற்கெல்லாம் தெருக்கடை. ஆதார் கேட்காமல், கையெழுத்து வாங்காமல், வட்டி போடாமல் கொடுக்கும் கடன் அது. கடைக்காரர் கொடுப்பது தர்மத்துக்கு அல்ல. இன்னார் வீட்டுப் படகு எப்போது கரைக்கு வரும், எந்த உப்பளத்தில் எப்போது கூலி போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். வங்கி அதிகாரி பேலன்ஸ் ஷீட் பார்ப்பார், இவர் ஆளைப் பார்ப்பார். சில பொருளுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட வைத்து விற்பதும் உண்டு. வாங்குபவர்களுக்கும் அது தெரியும். அந்தக் கடனுக்கான விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் தம்பியிடம் 'எழுதிக்கோப்பா' என்று சொல்ல முடியுமா? ஆப்பிலும் கடன் உண்டு, 'பிறகு கட்டலாம்' என்று. ஆனால் அதற்கு சிபில் ஸ்கோர் வேண்டும், மாசா மாசம் கணக்கில் விழும் சம்பளம் வேண்டும். இது இல்லாதவர்களுக்கு மிச்சமிருப்பது தண்டல், வாரக் கடன், நுண்கடன் நிறுவனங்கள். கடன் வசூலில் மிரட்டலும் அவமானப்படுத்தலும் எந்த அளவுக்குப் போனது என்றால், அதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

கடைக்காரருக்குக் கடன் கொடுத்தது யார் என்ற கேள்விக்கும் இந்த ஊரில் ஒரு நல்ல பதில் உண்டு. தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி தெரியும்தானே? 1921-ல் நாடார் வங்கி என்ற பேரில் தூத்துக்குடியில் தொடங்கப்பட்டது. வியாபாரிகள் தங்களுக்காகவே திரட்டிய பணம். 1962-ல் பேர் மாறியது, 2022-ல் பங்குச் சந்தைக்கும் வந்தது. தலைமையகம் இன்றும் தூத்துக்குடிதான். வியாபாரத்தில் ஒரு பங்கை 'மகமை' என்று ஒதுக்கிப் பள்ளிக்கூடம் கட்டிய பழக்கம் இருந்த சமூகத்துக்கு வங்கி கட்டுவது அடுத்த படி.

வாடகைச் சட்டம்: பழைய கடைக்காரர்களுக்கு வந்த சிக்கல்

கடை மூடுவதற்கு வியாபாரம் மட்டும் காரணம் இல்லை. பல வருஷமாக வாய்ப்பேச்சில் ஓடிய வாடகைதான் சில இடங்களில் காரணம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் கட்டாயம், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதும் கட்டாயம். ஒப்பந்தம் போடாமல் விட்டால் அதையே காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்லி உரிமையாளர் மனுப் போடலாம். 'அவங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்கோம்' என்பது புதிய சட்டத்தில் பாதுகாப்பு ஆகாது. வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் அட்வான்ஸ் மூன்று மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் இதே சட்டத்தில்தான் இருக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜிஎஸ்டி பக்கம் வந்தால், சரக்கு விற்கும் கடைக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். மேலே பார்த்த 7,000 ரூபாய்க் கடைக்கு வருஷம் 25 லட்சத்துச் சொச்சம்தான், எனவே வேண்டியதில்லை. ஆனால் பதிவு இல்லாதவருக்கு, கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி இல்லை. 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் மீதான வரி 18-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது வாடிக்கையாளர்கள் சந்தோஷப்பட்டார்கள். பழைய வரியில் வாங்கி ஷெல்ஃபில் வைத்திருந்த சரக்கைப் புது விலைக்கு விற்கும்போது இந்தச் சின்னக் கடைகளுக்கு இடித்தது. கம்பெனி ஈடு கொடுத்தால் உண்டு.

'அவங்களும் ஆன்லைன்ல விற்கலாமே?' விற்கலாம். 2023 அக்டோபர் 1 வரை ஆன்லைன் தளத்தில் ஒரு பொருள் விற்றால்கூட ஜிஎஸ்டி பதிவு வேண்டும் என்றிருந்தது. அதன்பிறகு, மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆனால் கோல்கேட்டை ஆன்லைனில் விற்று அண்ணாச்சி ஜெயிக்க முடியாது. அவரிடம் மட்டுமே கிடைக்கும் ஏதாவது வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளம்

டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷ மழையைவிட அதிகம். தூத்துக்குடி நகரில் பல பகுதிகளில் நாட்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. தரைத்தளத்தில், ரோட்டு மட்டத்தைவிடக் கீழே இருந்த சின்னக் கடைகளில் அரிசி மூட்டையும் சீனி மூட்டையும் ஊறிப்போயின. குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. அது வீட்டுக்கு. சரக்குக்கு? வங்கிக் கடன் வாங்கிய கடைகளுக்குப் பெரும்பாலும் காப்பீடு இருக்கும், கடன் கொடுக்கும்போதே வங்கி எடுக்கச் சொல்லிவிடும். கைக்காசிலும் ஏஜென்சிக் கடனிலும் ஓடும் கடைக்கு அந்தப் பழக்கமே இல்லை. உயரமான மேடை கட்டிய பெரிய கடை ஒரு வாரத்தில் திறந்துவிடும். அதற்குள் வாடிக்கையாளர் பழகிவிடுவார்.

நேரம்கூட ஒரு போட்டிதான்

10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2019-ல் அனுமதி கொடுத்தது, 2022-ல் நீட்டித்தது. ராத்திரி கடை நடத்தும் உரிமை ஆட்பலம் உள்ளவருக்கே எளிது. கடை மூடும் நேரம் இந்த மாவட்டத்தில் வெறும் வியாபார விஷயம் இல்லை. ஊரடங்கு நேரத்தைத் தாண்டி செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி 2020 ஜூன் 19-ல் சாத்தான்குளத்தில் போலீசார் பிடித்து வைத்த தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தனர். அந்த வாரம் மாநிலம் முழுக்கக் கடைகள் அடைக்கப்பட்டன.

பெரிய கடை வந்தால் வேலை கிடைக்காதா?

கிடைக்கும். உண்மையில் இந்தப் பக்கத்து இளைஞர்கள் பல வருஷமாகச் சென்னைக் கடைகளுக்குத்தான் வேலைக்குப் போனார்கள். 2010-ல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் அந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. ஊரிலேயே வேலை என்றால் விடுதி வாழ்க்கை மிச்சம். நாள் முழுக்க நிற்க வேண்டிய கொடுமைக்கும் 2021-ல் ஒரு முடிவு வந்தது, ஊழியர்கள் உட்கார இருக்கை கொடுப்பது கட்டாயம் என்று கடைகள் சட்டம் திருத்தப்பட்டது. சிக்கல் வேறு இடத்தில். வேலைக்கு எடுப்பது 20, 25 வயசுப் பிள்ளைகளை. கடையை மூடிய 55 வயசு அண்ணாச்சியையும் அக்காவையும் யார் எடுப்பார்கள்?

மூடாமல் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

தூத்துக்குடி மக்ரூன் பேக்கரிகளைப் பாருங்கள். முந்திரி, முட்டை வெள்ளைக்கரு, சீனி, மூன்றே பொருள். ஈரக் காற்று பட்டால் நமுத்துவிடும், கைப்பக்குவம் வேண்டும். பேருந்து நிலையத்தில் இறங்குபவர் ஊருக்குத் திரும்பும்போது பெட்டி பெட்டியாக வாங்கிப்போகிறார். அதேபோல உடன்குடி கருப்பட்டி, கருவாடு, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2023-ல் அதைப் பெற்ற ஆத்தூர் வெற்றிலை. இந்தச் சரக்கை எங்கே வாங்கினால் நன்றாக இருக்கும் என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும்.

படகு எஞ்சினுக்கு ஸ்பேர், வலைக்குக் கயிறு, ஐஸ் பெட்டி விற்கும் கடைகளுக்கும் இப்போதைக்குப் பயமில்லை. பனிமயமாதா பேராலயத் திருவிழா ஜூலை 26-ல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை நடக்கும்போது நடைபாதைக் கடைகளுக்குக் கொண்டாட்டம். நடைபாதை வியாபாரிகளை முறையில்லாமல் அகற்றக் கூடாது என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அவர்களுக்கான பிரதமர் ஸ்வநிதி கடனும் முதல் தவணை 10,000-லிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்து, 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சாதாரண மளிகைக்கடைகளில் சிலர் வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்கி மகனை ஸ்கூட்டரில் அனுப்புகிறார்கள். டெலிவரி ஆப் செய்வதும் அதுதானே, கம்பெனி பேர் மட்டும் இல்லை.

கடையை மூடுவது என்று முடிவெடுத்துவிட்டால்...

ஷட்டரைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதை ரத்து செய்யச் சொல்லி விண்ணப்பிக்கணும். இல்லாவிட்டால் வியாபாரமே இல்லாத மாசத்துக்கும் ரிட்டன் கேட்டு, தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ரத்தான பிறகு மூன்று மாசத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற இறுதி ரிட்டன் போட வேண்டும், காம்போசிஷன் திட்டத்தில் இருந்தவர்களுக்கு அது தேவையில்லை. கையில் மிச்சமிருக்கும் சரக்குக்கு ஏற்கெனவே எடுத்த வரிக்கழிவைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும், ஆகவே சரக்கைத் தீர்த்துவிட்டு விண்ணப்பிப்பது நல்லது. எக்ஸ்பயரி நெருங்கும் பொருட்களை ஏஜென்சியில் ரிட்டன் கொடுக்கும் பேச்சை, பாக்கியைக் கட்டுவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

உரிமையாளரிடம் அட்வான்ஸ் வாங்காமல் சாவியைக் கொடுக்க வேண்டாம். ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் சட்டப்படி முறையிடலாம். கரன்ட் இணைப்பு உங்கள் பேரில் இருந்தால் பேர் மாற்றவோ துண்டிக்கவோ எழுதிக் கொடுங்கள். 1989 முதல் இயங்கும் தமிழ்நாடு வணிகர் நல வாரியத்தில் இன்னும் சேராதவர்கள், கடை ஓடிக்கொண்டிருக்கும்போதே சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம். உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் நிதி 2025-ல் 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

கணக்கு நோட்டு? அதை வசூலிக்க ஃபாரம் எதுவும் கிடையாது. மூடப்போவது தெரிந்தால் பாக்கி வராது என்பதால், பலர் கடைசி வாரம் வரை யாரிடமும் சொல்வதில்லை.